ஒரே எம்.எஃப்.ஐ., வேறு வேறு குணம்: உருகிய பிளாஸ்டிக் பற்றி உங்கள் கேள்விகள்

கே: சார், எல்.டி.பி.இ., எல்.எல்.டி.பி.இ. என்ற இரண்டு பாலிஎதிலீன் குருணை மூட்டையிலும் எம்.எஃப்.ஐ. (உருகல் ஓட்டக் குறியீடு) 2 என்றுதான் இருக்கிறது. உருக்கிக் குமிழியாக ஊதி ஃபிலிம் எடுத்தால் முதலாவதில் குமிழி அசையாமல் நிற்கிறது, இரண்டாவதில் ஆடுகிறது. ஏன்?

ப: அந்த எண்ணை ரொம்ப நம்பாதீர்கள். 190 டிகிரியில் 2.16 கிலோ எடையை ஏற்றினால் 2.1 மி.மீ. துளை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் ஒழுகுகிறது, அவ்வளவுதான் அது. மெதுவாகத் தள்ளிப் பார்த்த கணக்கு. நீங்களோ குமிழியில் உருகலை இழுக்கிறீர்கள். எல்.டி.பி.இ. மூலக்கூறில் நீளமான கிளைகள் உண்டு. இழுக்க இழுக்க அவை மாட்டிக்கொண்டு உருகல் விறைக்கும், குமிழி நிற்கும். எல்.எல்.டி.பி.இ.யில் இருப்பவை குட்டைக் கிளைகள், எதிலும் சிக்காது. எல்.எல்.டி.பி.இ. ஓட்டும்போது மோட்டார் ஆம்பியர் ஏறுவதும் பார்த்திருப்பீர்கள்: வேகமாகத் தள்ளும்போது எல்.டி.பி.இ. அளவுக்கு அது இளகாது. கொஞ்சம் எல்.டி.பி.இ. கலந்து ஓட்டிப் பாருங்கள்.

கே: மூலக்கூறுச் சங்கிலி இரண்டு மடங்கு நீண்டால் பாகுத்தன்மையும் (ஒழுக மறுக்கும் குணம்) இரண்டு மடங்குதானே?

ப: பத்து மடங்குக்கு மேல்! குட்டைச் சங்கிலி வரை நீங்கள் சொல்வது சரி. ஒரு நீளத்தைத் தாண்டினால் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பாகுத்தன்மை நீளத்தின் 3.4 அடுக்காக ஏறும். ஆறிப்போன இடியாப்பத்தில் ஒரு இழையை மட்டும் உருவிப் பாருங்கள்: பக்கவாட்டில் நகராது, தன் தடத்திலேயே நெளிந்து வரும். 1971-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் தெ ஜென் சொன்னதும் இதைத்தான்: சங்கிலி பாம்புபோல ஊர்கிறது. அவர் கணக்கில் அடுக்கு 3 வந்தது. சங்கிலியின் முனைகள் அவ்வப்போது உள்ளே சுருங்கித் தடத்தைக் குறைத்துக்கொள்வதைச் சேர்த்தபோது 3.4-க்குப் பக்கத்தில் வந்தது.

கே: கிளை இருந்தால்?

ப: பாம்புக்கு நடுவில் கால் முளைத்த கதை. கிளையின் முனை அடிவரை மடங்கி வந்தால்தான் மூலக்கூறு ஒரு எட்டு நகரும், கிளை நீள நீள அந்தக் காத்திருப்பு தாறுமாறாகக் கூடும். 1998-இல் மெக்லீஷ், லார்சன் என்ற ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். 2011-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு, பிளாஸ்டிக் உருவாகும் வினைகலனின் வேதியியலில் தொடங்கி எந்த வடிவ மூலக்கூறுகள் உருவாகும், அவை எப்படிப் பாயும் என்பதுவரை கணினியிலேயே போட்டுக் காட்டியது.

கே: அப்போ ட்ரையல் ஓட்டவே வேண்டாமா?

ப: வேண்டும். உங்கள் மூட்டையில் கிளைக் கணக்கு எழுதியிருக்கிறதா என்ன? மறுசுழற்சிக் குருணை என்றால் கேட்கவே வேண்டாம்.