தேய்ஞ்சு போன கிட்டார்ல அப்படி என்னதான் இருக்கு?

கேள்வி: கீறல் விழுந்து, பாலிஷ் போய், மரம் தெரியுற பழைய அகூஸ்டிக் கிட்டார் மேல சில பேருக்கு ஏன் இவ்ளோ பைத்தியம்? புதுசுல வராத சத்தம் அதுல வருதா?

சத்தம் ஒரு பாதிதான்னு சொல்லுவேன். மீதிப் பாதியச் சொல்லணும்னா எங்க வீட்டு கிட்டார்ல இருந்து ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து படிங்க.

எங்க சின்ன மாமா பாளையங்கோட்டையில சர்ச் கொயர்ல வாசிச்சவர். 1986ல ஒரு கல்கத்தா கிவ்சன் வாங்கி, ஞாயித்துக்கிழமை ஆராதனை, புதன்கிழமை பிராக்டிஸ், டிசம்பர் வந்துட்டா ராத்திரி முழுக்க கேரல் ரவுண்ட்ஸ்னு 12 வருஷம் அந்த ஒரே கிட்டார வச்சு ஓட்டுனார். மஸ்கட்டுக்கு வேலைக்குப் போறப்ப எங்கிட்ட குடுத்துட்டுப் போனார். எனக்கு அப்ப 14 வயசு, வாசிக்கவும் தெரியாது, சும்மா மடியில வச்சு தடவிப் பாத்துட்டே இருப்பேன்.

இடது கை புடிக்கிற நீளக் கட்டை நெக், அதுல குறுக்கா பதிச்சிருக்குற உலோகப் பட்டை ஃப்ரெட். முதல் மூணு ஃப்ரெட்டுக்கு நடுவுல மரத்துல குழி விழுந்திருக்கும். கலர் போனத சொல்லல, நகத்த வச்சு இழுத்தா தட்டுப்படுற குழி. ரெண்டாவது கம்பிக்கு அடியில முதல் ஃப்ரெட்ல ஒண்ணு, அது சி கார்டுக்கு (கார்டுன்னா சில சுரங்கள ஒண்ணா சேத்து வாசிக்கிறது). அதே கம்பியில மூணாவது ஃப்ரெட்ல இன்னொண்ணு, அது டி. ஆறாவது கம்பிக்கு மூணாவது ஃப்ரெட்ல இருக்குறது ஜி. சர்ச்ல பாதிப் பாட்டு ஜி-யில, மீதி சி-யில, அதனால குழியும் அங்கதான். ஏழாவது ஃப்ரெட்டத் தாண்டிட்டா மரம் இன்னைக்குக் கடையில இருந்து வந்த மாதிரி அப்படியே இருக்கும், அந்தப் பக்கம் மாமா எட்டிக்கூட பாத்ததில்ல. ஒருத்தருக்கு எவ்ளோ கிட்டார் தெரியும்னு நெக்கைப் பாத்தே சொல்லிடலாம் (அவர்கிட்ட போட்டுக் குடுத்துராதீங்க). நெக்குக்குப் பின்னாடி கட்டைவிரல் உக்கார்ற இடம் பாலிஷ் போய், எங்க ஆச்சியோட அருவாமனைப் பலகை மாதிரி வழவழன்னு இருக்கும். பாடிக்குப் பின்னாடி பெல்ட் பக்கிள் போட்ட கீறல். மேல வலது கை படுற இடத்துல வேர்வை பட்டுப் பட்டு மங்கிப் போன ஒரு திட்டு.

அதனாலதான் 50 வருஷப் பழைய கிட்டார் ஒண்ணு கீறலே இல்லாம பளபளன்னு விலைக்கு வந்தா எனக்கு ஆசை வராது, சந்தேகம்தான் வரும். இத்தன வருஷமா இத ஏன் யாருமே எடுத்து வாசிக்கல? நல்லா இருக்குற கிட்டார் மூலையில தூங்காது, வீட்டுக்கு வர்றவன் போறவன் எவனாச்சும் எடுத்து ஒரு தட்டு தட்டிட்டேதான் இருப்பான். மோசமானது ஒண்ணு உடைஞ்சு குப்பைக்குப் போயிருக்கும், இல்லன்னா பரண்ல பத்திரமா இருக்கும். ஆனா ஒண்ணு, தேய்ஞ்சது வேற அடிபட்டது வேற. பைக்ல இருந்து விழுந்து பக்கவாட்டுல விரிசல் விட்டதப் பாத்துட்டு ஆஹா எவ்ளோ வாசிச்சிருக்காங்கன்னு நெனச்சு ஏமாந்துராதீங்க.

இந்த விஷயத்துல உலகத்துக்கே பெரியண்ணன் வில்லி நெல்சனோட கிட்டார். அமெரிக்காவுல கன்ட்ரி மியூசிக் பாடுறவர், 1933ல பிறந்தவர், கிட்டாருக்கு 'ட்ரிகர்'னு பேர், ராய் ராஜர்ஸ்னு ஒரு கௌபாய் நடிகரோட குதிரைக்கு இருந்த பேர் அது. 1969ல அவர் வச்சிருந்த பால்ட்வின் கிட்டார ஒரு குடிகாரன் மிதிச்சு உடைச்சுட்டான், நாஷ்வில்ல இருந்த ஷாட் ஜாக்சன்கிட்ட ரிப்பேருக்கு அனுப்புனா இனி இது தேறாது, எங்கிட்ட ஒரு மார்ட்டின் என்-20 (மார்ட்டின்ங்கறது அமெரிக்க கிட்டார் கம்பெனி) இருக்குன்னு சொல்லிருக்கார், இவரும் கண்ணால பாக்காமலே 750 டாலருக்கு வாங்கிட்டார். உடைஞ்சதுல இருந்த பிக்கப்ப, அதாவது சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புற கருவிய, கழட்டி இதுல மாட்டுனாங்க. அன்னைல இருந்து அதேதான்.

அந்த கிட்டார் படத்தப் பாத்தீங்கன்னா சவுண்ட்ஹோல்னு சொல்ற நடு வட்ட ஓட்டைக்குக் கீழ, கம்பியோட அடிமுனையக் கட்டுற பிரிட்ஜ் பக்கத்துல இன்னொரு ஓட்டை இருக்கும், டிசைன் இல்ல, தேய்ஞ்சே விழுந்தது. காரணம் ரொம்ப சிம்பிள். என்-20 நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் டைப், விரலால மீட்டுறதுக்குன்னு செஞ்சது, அதனால டாப்ல, அதாவது முன்பலகையில, கீறல் விழாம காக்குற பிளாஸ்டிக் பிக்கார்டு கிடையாது. இவரு அதுல பிக் (கம்பியத் தட்டுற சின்ன துண்டு) வச்சு வாசிச்சார். டாப்ல இருக்குற ஸ்ப்ரூஸ் மரம் நகம் பட்டாலே பள்ளம் விழற அளவுக்கு மெத்துன்னு இருக்கும், தடிமன் ரெண்டு ரெண்டரை மில்லிமீட்டர்தான். வருஷக்கணக்கா பிக்கும் விரலும் ஒரே இடத்துல ஒரசுனா வேற என்ன ஆகும். 1977ல இருந்து ஆஸ்டின்ல மார்க் எர்ல்வைன்னு ஒருத்தர்தான் அதப் பாத்துக்கிறார், ஓட்டை மேல பரவாம உள்பக்கம் தாங்கு குடுத்து, மேல லேக்கர் பூசி. ஓட்டைய அடைக்கல பாருங்க, அத கவனிக்கணும். டாப் முழுக்க நூறு பேர் கிட்ட கையெழுத்து வேற போட்டிருக்காங்க, லியான் ரஸ்ஸல் ஆரம்பிச்சு வச்சது.

1970ல டென்னசில அவர் வீடு தீப்பிடிச்சு எரிஞ்சப்ப உள்ள ஓடிப்போய் எடுத்துட்டு வந்ததுல இதுவும் ஒண்ணு. 1990ல வருமான வரி பாக்கிக்காக அரசாங்கம் சொத்தெல்லாம் ஜப்தி பண்ண வந்தப்ப, மக லானாகிட்ட சொல்லி முன்னாடியே இத மட்டும் ஹவாய்க்குக் கொண்டு வர வச்சுட்டார். வீடு, நிலம், ஸ்டுடியோ எது போனாலும் போகட்டும்னு இருந்தவர் 750 டாலர் கிட்டாருக்கு மட்டும் அந்த ஏற்பாடு.

சரி சத்தத்துக்கு வருவோம், கேள்வியே அதானே. வயசானா மரம் மாறுறது நிஜம். மரத்துக்குள்ள செல்லுலோஸ் கூட ஹெமிசெல்லுலோஸ்னு ஒண்ணு இருக்கு, காலப்போக்குல அது சிதைஞ்சு போகும், பிசின் காஞ்சு இறுகும். மரம் லேசாகும், விறைப்பு மட்டும் பெருசா குறையாது. லேசான விறைப்பான பலகை கம்பியோட அதிர்வுக்கு சட்டுனு பதில் சொல்லும். இதத்தான் இப்ப கம்பெனிக்காரங்க ஆக்சிஜன் இல்லாத அடுப்புல மரத்த வாட்டி அவசர அவசரமா வர வைக்கிறாங்க, டாரிஃபிகேஷன்னு பேர், மாங்காய்க்குக் கல் போட்டுப் பழுக்க வைக்கிற கதைதான், ஆனா இது வேலை செய்யுது. மேல பூச்சுக்கும் பங்கு இருக்கு. பழசுல அடிச்ச நைட்ரோ லேக்கர்ங்கற பூச்சு மெல்லிசு, காலம் போகப் போக இன்னும் சுருங்கி வெடிச்சு டாப்ப விட்டுக்குடுக்கும். மலிவு கிட்டார்ல அடிக்கிற கனமான பாலியெஸ்டர் கோட்டிங், மேல மழைக்கோட்டு போட்டுவிட்ட மாதிரி.

ஆனா வாசிக்க வாசிக்க சத்தம் திறக்கும், அதாவது நல்லாகிட்டே போகும்னு சொல்றாங்கல்ல, அங்கதான் எனக்கு இடிக்குது. ஆஸ்திரேலியாவுல ஒரே மரத்துல ரெண்டு வயலின் செஞ்சு, ஒண்ண மியூசியத்துல வச்சுட்டு இன்னொண்ண ஒரு கலைஞர்கிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லி, மூணு வருஷம் கழிச்சு ஒப்பிட்டுப் பாத்தாங்க, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் ஒண்ணும் சிக்கல. 2010ல இண்டியானாபோலிஸ்ல கிளாடியா ஃபிரிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 21 வயலின் கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி போட்டுவிட்டு புது வயலின் மூணு, பழசு மூணு குடுத்தாங்க. பழசுல ரெண்டு, உலகப் புகழ் பெற்ற இத்தாலிக்காரர் செஞ்ச ஸ்ட்ராடிவாரி வயலின். பெரும்பாலானவங்களுக்கு எது பழசுன்னே தெரியல, கடைசி இடத்துக்குப் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி! கிட்டாரும் வயலினும் ஒண்ணில்லைதான், ஆனாலும் கண்ணக் கட்டிட்டா நம்ம காது எவ்ளோ வீரம் பேசும்னு அதுல தெரிஞ்சுருது. இதச் சொன்னா கிட்டார் குரூப்ல அடிக்க வருவாங்க.

அதுக்காக பழசெல்லாம் பம்மாத்துன்னும் சொல்ல மாட்டேன். 1930கள்ல மார்ட்டின் செஞ்சத தேடித் தேடி வாங்குறாங்கன்னா வயசு மட்டும் காரணம் இல்ல, செஞ்ச விதமே வேற. உள்ள தாங்குகட்டைய நடுவுல குடைஞ்சு மெலிசாக்கி வச்சிருப்பாங்க, சத்தம் பெருசா வரும். கனமான கம்பி போட்டா டாப் தாங்கலன்னு 1944 வாக்குல அத நிறுத்திட்டாங்க. அந்தக் காலத்து மார்ட்டின் டி-28 மாடல் ஒண்ணு, 1935ல செஞ்சது, கிளாரன்ஸ் வைட்ங்கற அமெரிக்க கிட்டார் கலைஞர்கிட்ட இருந்து கை மாறி 1975ல டோனி ரைஸ்ங்கற இன்னொரு கலைஞர் 550 டாலருக்கு வாங்குனது. சவுண்ட்ஹோல யாரோ அறுத்துப் பெருசாக்கி அலங்கோலமா இருந்த கிட்டார். அவர் வாசிச்ச வாசிப்புல இன்னைக்குப் புது கிட்டாரையே அந்த மாதிரி பெரிய ஓட்டை போட்டு விக்கிறாங்க.

இன்னொரு சங்கதி. பிரேசில் ரோஸ்வுட் கிடைக்காமப் போனப்ப 1969ல மார்ட்டின் மாறுனது இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம். கூடலூர் பக்கம் பழைய வீட்டுல கட்டில் கதவெல்லாம் அந்த மரம்தான். பென்சில்வேனியாவுல செஞ்ச கிட்டாரோட முதுகு நம்ம பக்கத்து மரம்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு ஒரே பெருமை, காசு குடுத்து வாங்க முடியாதுங்கறது வேற விஷயம்.

இப்ப கடையிலயே தேய்ச்சு குடுக்குறாங்க தெரியுமா? மார்ட்டின்லயே ஸ்ட்ரீட்மாஸ்டர்னு ஒரு வரிசை, புதுசு, ஆனா பல வருஷம் வாசிச்ச மாதிரி ஃபினிஷ். நான் கையில எடுத்துப் பாத்தேன், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்தத் தேய்மானம் யாரோட கைக்கும் சேராது. வாசிக்கிறவன் உயரமா குட்டையா, பிக் வச்சானா விரல் வச்சானா, எதுவும் அதுல எழுதல.

என் கிவ்சனுக்கு நேர்ந்தத சொல்லிடுறேன். அக்கா கல்யாணத்துக்கு வீட்டுக் கதவு ஜன்னலுக்கெல்லாம் பாலிஷ் போட ஆள் வந்திருந்தார். நான் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன். அப்பா ரொம்ப நல்லெண்ணத்துல, தம்பி கிட்டாரும் நிறம் போய் கெடக்குது, அதுக்கும் ஒரு கை போட்டுருங்கன்னு எடுத்துக் குடுத்துட்டார். அவரும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கதவுக்கு அடிக்கிற வார்னிஷ ரெண்டு கோட் ஏத்திட்டார். லீவுக்கு வந்து பாத்தா கிட்டார் பூஜையறைக் கதவு கலர்ல மின்னுது. வாசிச்சா தலகாணிக்குள்ள இருந்து வர்ற மாதிரி சத்தம். அது பிளைவுட்தான், முன்னாடியும் பிரமாதம்னு சொல்ல முடியாது, பாதி என் மனப்பிரமையாக்கூட இருக்கலாம். அப்பா பக்கத்துல நின்னு எப்பிடிடா இருக்குன்னு கேக்கறார், என்னத்தச் சொல்ல, சூப்பர்பான்னு சொல்லிட்டு மாடிக்குப் போயிட்டேன்.

ஆனா அந்த ஆளு கம்பியக் கழட்டாமலே பாலிஷ் போட்டிருக்கார். அதனால சவுண்ட்ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல, கம்பிக்கு நேர் அடியில, துணி நுழைய முடியாத ரெண்டு விரல் அகல இடம் மட்டும் தப்பிச்சுருச்சு. அங்க பழைய மஞ்சள் நிறமும் மாமாவோட பிக் பட்ட கீறலும் அப்படியே இருக்கு. ஃப்ரெட்போர்டு குழியும் அதே காரணத்தால பொழச்சுது.

வாங்கணும்னு யோசிக்கிறவங்களுக்கு: மேல இருக்குற கீறலுக்கு விலைய அடிச்சுப் பேசலாம், அதுக்கு பயப்பட வேணாம். பாக்க வேண்டியது வேற. நெக்க துப்பாக்கி மாதிரி கண்ணுகிட்ட வச்சு நேரா இருக்கான்னு பாருங்க, பிரிட்ஜுக்கு அடியில ஒரு பேப்பர நுழைச்சுப் பாருங்க, உள்ள போச்சுன்னா பசை விட்டுருச்சுன்னு அர்த்தம், கம்பி ஆறும் சேந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும், அதனால பிரிட்ஜுக்குப் பின்னாடி லேசா தொப்பை போட்டிருந்தா வயசுக்குத் தகுந்ததுதான், ரொம்ப உப்பியிருந்தா வேணாம். ஃப்ரெட் தேய்ஞ்சிருந்தா கவலையே படாதீங்க, அம்மி கொத்துற மாதிரிதான் அது, புதுசு மாத்திக்கலாம். சென்னை, தூத்துக்குடின்னு கடலோரத்துல இருந்தா பெட்டிக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைங்க.

போன வருஷம் மாமா லீவுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடிச்சுட்டு கிட்டார எடுத்து மடியில வச்சார், வார்னிஷப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல, கண்ணு டிவியில இருக்கு, இடது கை தானா நெக்குல போய் உக்காந்து சி புடிச்சுது. நான் என்ன சொல்லப் போறார்னு பாத்துட்டே இருக்கேன். ஒரு தட்டு தட்டிட்டு மூஞ்சிய சுளிச்சார். "ஏலே, கம்பிய மாத்தி எத்தன வருஷம்ல ஆவுது?"