இரும்பு ஏன் தலையணை மாதிரி தெரிகிறது?

கேள்வி: பிக்சல் ஆர்ட்டில், அதாவது சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகளை அடுக்கி வரையும் முறையில், 64-க்கு 64 பிக்சல் கேன்வாஸில் ஒரு டாங்கி வரைந்தேன். ஐந்து சாம்பல் நிறங்களை எடுத்துக்கொண்டு, ஓரமெல்லாம் இருட்டாகவும் நடுவில் வெளிச்சமாகவும் பொறுமையாகத்தான் ஷேடிங் செய்தேன். ஆனாலும் பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?
- வாசகி, ஈரோடு

பதில்: ஓரத்தில் இருட்டு, நடுவில் வெளிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, தப்பு அங்கேதான். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முடிவு செய்யாமல், அவுட்லைனையே உள்நோக்கிச் சுருக்கிச் சுருக்கி நிறம் நிரப்பினால் எதை வரைந்தாலும் உப்பிக்கொண்டுதான் நிற்கும். இதற்குப் பெயரே பில்லோ ஷேடிங், அதாவது தலையணை. ஆரம்பத்தில் நானும் மாதக்கணக்கில் இதையே செய்தேன், கவலைப்படாதீர்கள்.

முதலில் டாங்கியைத் தகடு தகடாகப் பிரித்துப் பாருங்கள். வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொண்டால், மேல் தகட்டுக்கு ஒரே வெளிர் நிறம், பக்கவாட்டுத் தகட்டுக்கு ஒரே நடு நிறம், அடியில் உள்ளடங்கிய பகுதிக்கு ஒரே கருமை, அவ்வளவுதான். தட்டையான தகட்டுக்குள் நிறத்தைப் படிப்படியாக மாற்ற வேண்டாம். இரண்டு தகடுகள் சேரும் விளிம்பில் மட்டும் ஒரு பிக்சல் கனத்தில் மிக வெளிச்சமான கோடு ஒன்றை இழுங்கள், அது முழு நீளத்துக்கும் போகாமல் நடுவில் ஓரிரு இடத்தில் அறுந்திருந்தால் இன்னும் நல்லது, அடிபட்ட இரும்பு மாதிரி தெரியும்.

பீரங்கிக் குழல் உருளை என்பதால் அதற்குக் கணக்கு வேறு. ஆறு பிக்சல் தடிமன் இருந்தால் மேலிருந்து வரிசையாக நடு நிறம், மிக வெளிச்சம், நடு நிறம், கருமை, மிகக் கருமை, கடைசி வரிசையில் கொஞ்சம் நீலம் கலந்த மங்கலான நிறம் என்று போட்டுப் பாருங்கள். அந்தக் கடைசி வரிசை தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம், அதை விட்டுவிட்டால் குழல் உருண்டையாகத் தெரியவே தெரியாது. பளபளக்கும் உலோகம் என்றால் வெளிச்சத்துக்குப் பக்கத்திலேயே கருமை வரவேண்டும், பெயின்ட் அடித்த இரும்புக்கு அந்த இரண்டு நிறங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம், ஐந்தும் வெறும் சாம்பலாக இருக்க வேண்டாம், நிழலை நீலத்துக்கும் வெளிச்சத்தை மஞ்சளுக்கும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள், படத்துக்கு உயிர் வந்துவிடும்.

1996-இல் நியோ ஜியோ என்ற வீடியோ கேம் கருவியில் வந்த மெட்டல் ஸ்லக் விளையாட்டின் டாங்கியை நிறுத்தி, ஜூம் செய்து பாருங்கள். அந்தக் கருவியில் ஒரு பேலட்டுக்கு, அதாவது ஒரு நிறத் தொகுப்புக்கு, 15 நிறங்கள்தான் (பதினாறாவது இடம் வெளியே தெரியாத நிறத்துக்குப் போய்விடும்). அதற்குள் அவர்கள் காட்டியிருக்கும் இரும்பைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

கேள்வி: சக்கரமும் சாய்ந்த கோடுகளும் நடுங்கிக்கொண்டே இருக்கின்றன. கை நடுக்கமா, மவுஸ் பிரச்சினையா?
- வாசகர், மதுரை

பதில்: இரண்டும் இல்லை, எண்ணிக்கைதான். சாய்ந்த கோட்டில் பிக்சல்கள் 2, 2, 2 என்று ஒரே அளவில் படியிறங்கினால் கோடு நேராகத் தெரியும். 2, 3, 2, 1 என்று போனால் கண் உடனே உறுத்தும். அதனால் எந்திரம் வரையும்போது கோணத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, இந்த மூன்று சாய்வுகளே பெரும்பாலும் போதும்.

சக்கரத்துக்கு விட்டம் ஒற்றைப்படையாக இருக்கட்டும், அப்போதுதான் அச்சுக்கு நட்டநடுவில் ஒரு பிக்சல் கிடைக்கும். 15 பிக்சல் விட்டத்தில் மேல் உச்சியில் 5 பிக்சல், அடுத்த படி 2, அப்புறம் 1, பிறகு செங்குத்தாக 2, பக்கவாட்டில் 5. படிகள் சீராகக் குறைந்து, சீராகவே திரும்ப வளரவேண்டும். மூலையில் எல் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கூடுதல் பிக்சலை அழித்தாலே பாதி நடுக்கம் போய்விடும். ஏஸ்பிரைட் என்ற பிக்சல் படம் வரையும் மென்பொருளில் பென்சிலுக்குப் பிக்சல் பெர்ஃபெக்ட் என்று ஒரு வசதி இருக்கிறது, அது இந்த வேலையைத் தானே செய்யும்.

கேள்வி: அவுட்லைன் முழுக்கக் கறுப்பா, கலரா?
- வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வெளிச்சம் படும் பக்கம் அந்தத் தகட்டின் நிறத்திலேயே கொஞ்சம் கருமையான ஒன்று, நிழல் பக்கமும் அடிப்பாகமும் கறுப்பு. உள்ளே தகடுகளைப் பிரிக்கும் கோடுகளுக்குக் கறுப்பே வேண்டாம், ரிவிட், மூடி, கைப்பிடி எல்லாம் சேர்ந்து ஒரே கம்பி வலையாகிவிடும்.

கேள்வி: டாங்கியின் செயின் ஓடுகிற மாதிரி அனிமேஷன் செய்தால் முன்னே போகிறதா பின்னே போகிறதா என்றே தெரியவில்லை.
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் செயினில் ஒரு பல்லும் ஓர் இடைவெளியும் சேர்ந்து 4 பிக்சல் நீளம் என்றும், ஃபிரேமுக்கு 2 பிக்சல் நகர்த்துகிறீர்கள் என்றும் நினைக்கிறேன். சரிபாதி நகர்ந்தால் இரண்டு திசையும் கண்ணுக்கு ஒன்றுதான். ஃபிரேமுக்கு 1 பிக்சல் நகர்த்துங்கள், நான்கு ஃபிரேமில் சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடும். வேகம் போதவில்லை என்றால் நகர்த்தும் தூரத்தைக் கூட்டாமல், ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் நிற்கும் நேரத்தைக் குறையுங்கள்.