முக்கால் லட்சம் கட்டும் முன் ஒரு வாரம் பொறு, கண்ணு

கேள்வி: டிப்ளமோ இ.இ.இ. முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் அத்தை மகன் அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, வீடு வீடாகப் போய் எங்கே கரண்ட் வீணாகிறது என்று பார்த்துச் சொல்லும் வேலை செய்கிறான். இங்கே ஒரு தனியார் சென்டரில் 'கிரீன் பில்டிங், எனர்ஜி ஆடிட்' என்று ஆறு மாதக் கோர்ஸ் இருக்கிறது. பீஸ் 75,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா மேடம்? பொம்பளப் பிள்ளைக்கு மொட்டை மாடி ஏறுகிற வேலை எதற்கு என்கிறான் அண்ணன்.
– ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: முதலில் உன் அண்ணனுக்குச் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் சித்திரை வெயிலில் மொட்டை மாடி ஏறி வடகம் பிழிகிறது யாராம், அவனா? கால் வைக்க முடியாமல் குதித்துக் குதித்து இறங்கி வருகிறோமே, அந்தத் தளத்தைப் பற்றித்தான் நீ படிக்க நினைக்கிற படிப்பில் பாதி இருக்கிறது. ஒரு விஷயத்தில் அவன் பயப்படுவது நியாயம்தான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை மேலே பெல்ட் இல்லாமல் யார் ஏறச் சொன்னாலும் ஏறாதே. ஆண் பிள்ளையும் ஏறக் கூடாது.

சரி, அந்த 75,000. கட்டாதே, இப்போதைக்கு. சென்டர் மோசடி என்று சொல்லவில்லை, எனக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் எனர்ஜி ஆடிட்டர் என்ற பட்டத்தை ஆறு மாதத்தில் எந்த சென்டரும் தர முடியாது. அதற்கு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு, அதுதான் ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்டார் ஒட்டுகிறதே அந்த பிஇஇ, அகில இந்திய அளவில் ஒரு தேர்வு நடத்துகிறது. எனர்ஜி மேனேஜர் ஆக மூன்று தாள், எனர்ஜி ஆடிட்டர் ஆக நான்கு, டிப்ளமோ படித்தவர்கள் எழுத ஆறு வருஷ வேலை அனுபவம் வேண்டும். கிரீன் பில்டிங் பக்கம் ஐஜிபிசி, அதாவது இந்தியப் பசுமைக் கட்டட கவுன்சில், நடத்தும் தேர்வையும் நேரடியாகப் பணம் கட்டி எழுதிக்கொள்ளலாம், நடுவில் இன்னொருவர் தேவையில்லை. அப்படியும் சேரத்தான் வேண்டும் என்று தோன்றினால், போன பேட்ச்சில் முடித்தவர்கள் மூன்று பேரின் போன் நம்பர் கேள். கொடுத்தால் அவர்களிடம் பேசு. கொடுக்கத் தயங்கினால் அங்கேயே கதை முடிந்தது.

அத்தை மகன் படிப்பைப் பார்த்து ஏங்காதே. அது அந்த ஊர்க் குளிருக்குப் பிறந்த படிப்பு. வீட்டு வாசலில் துணித் திரையோடு ஒரு பெரிய ஃபேனை மாட்டி, உள்ளே இருக்கிற காற்றை வெளியே இழுத்து, எந்தச் சந்து வழியாகக் குளிர்காற்று நுழைகிறது என்று பார்ப்பார்கள். புளோயர் டோர் என்று பெயர். ஒரிகான் மாநிலத்து லேன் கம்யூனிட்டி காலேஜ் போன்ற இடங்களில் எனர்ஜி மேனேஜ்மெண்ட் இரண்டு வருஷப் படிப்பாகவே நடந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் எல்லாம் பால் பாயசம் இல்லை. 2009-இல் பொருளாதாரம் படுத்தபோது பசுமை வேலைப் பயிற்சிக்கு மட்டும் அரசாங்கம் 50 கோடி டாலர் ஒதுக்கியது. பயிற்சி முடித்தவர்களில் நிறையப் பேருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை என்று பிறகு அவர்களுடைய தொழிலாளர் துறைத் தணிக்கையே சொன்னது. வகுப்பு நடந்தது, கூலி கொடுக்க ஆள் வரவில்லை. நம் நாட்டிலும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது சமுதாயக் கல்லூரி, புதுசு இல்லை, 1995-இல் பாண்டிச்சேரியில் தொடங்கியது. அங்கே சேர்ந்தாலும் இதையேதான் கேட்கச் சொல்வேன்: இந்த வேலைக்கு இந்த ஊரில் ஏற்கெனவே யார் பணம் கொடுக்கிறார்கள்?

சேலத்தில் யார் கொடுக்கிறார்கள் என்றால், மில்லும் சேகோ ஃபேக்டரியும் ஓட்டலும் ஆஸ்பத்திரியும். ஓமலூர் பக்கம் ஒரு மில்லுக்கு முதன்முதலில் ஆடிட் போனபோது என்னிடம் பெரிய கருவி எதுவும் கிடையாது. சாப்பாட்டு மணி அடித்து மெஷின் எல்லாம் நின்றதும்தான் அந்த 'உஸ்ஸ்' சத்தம் காதில் விழுந்தது. காற்றுக் குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுக்கு. ஆள் யாரும் காற்றை உபயோகிக்கவில்லை, ஆனாலும் காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசர் ஒன்றரை நிமிஷம் ஓடுகிறது, நாலரை நிமிஷம் சும்மா இருக்கிறது, மறுபடி ஒன்றரை நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். ஆறு நிமிஷத்தில் ஒன்றரை, அதாவது அந்தக் கம்ப்ரசரின் திறனில் கால் பங்கு ஓட்டை வழியே போகிறது. சோப்புத் தண்ணியைத் தொட்டுத் தொட்டு வைத்து, குமிழ் வந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஃபிட்டர் ஒருத்தர் இரண்டு நாளில் அடைத்துவிட்டார். முதலாளி சர்டிஃபிகேட் கேட்கவில்லை, அடுத்த மாச பில்லைத்தான் கேட்டார்.

பம்பும் அப்படித்தான். தண்ணி அதிகமாக வருகிறது என்று வால்வைப் பாதி மூடி வைத்திருப்பார்கள், ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக்கையும் மிதிக்கிற மாதிரி. பம்பின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மேட்டுக்குத் தண்ணி தள்ளுகிற பம்பில் அவ்வளவு கிடைக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு ஏறினால் கதையே வேறு. அங்கே ஓட்டலுக்குச் செலவு வெந்நீரில். மேகம் மூடினால் சோலார் ஹீட்டர் சோம்பிவிடும், அப்போது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுக்கிற ஹீட் பம்பு, சாதாரண கீசர் இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கில் வேலையை முடிக்கும். கீழே சேலத்தில் வீடுகளுக்குத் தளம்தான் எதிரி. மத்தியானம் 60 டிகிரிக்குப் பக்கம் போகிற கான்கிரீட் அந்தச் சூட்டை வைத்திருந்து ராத்திரி நம் தலையில் இறக்குகிறது. வெள்ளை டைல் பதிக்கும் கொத்தனார் இருக்கிறார், பதிக்கும் முன்னும் பின்னும் டெம்பரேச்சர் எடுத்துக் காட்டத்தான் ஆள் இல்லை. அந்த ஆளாக நீ இருக்கலாம்.

இப்போதே சம்பளம் கிடைக்கிற வாசல் சோலார். 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுக்கு 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். அதனால் பேனல் மாட்டுகிறவர்களிடம் வேலை இருக்கிறது. சூர்யமித்ரா என்று மத்திய அரசுப் பயிற்சி ஒன்று 2015-இலிருந்து நடக்கிறது. சுமார் மூன்று மாதம், தங்குமிடத்தோடு இலவசம், ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்கானது. பக்கத்தில் எங்கே, எப்போது பேட்ச் தொடங்குகிறது என்று விசாரி. கிடைத்தால் பட்டறை முதலாளியிடம் மூன்று மாதம் லீவு கேள். அதை முடித்துவிட்டு ஒரு நல்ல காண்ட்ராக்டரிடம் சேர்ந்து, மின் வேலையை மேற்பார்வை பார்க்க அரசு தருகிற சூப்பர்வைசர் சி லைசென்ஸுக்குத் தேவையான அனுபவத்தைச் சேர்த்துக்கொள். ஆரம்பச் சம்பளம் இப்போது வாங்குவதைவிடக் குறைவாகவும் இருக்கலாம், அதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த வருஷங்கள் பிஇஇ தேர்வுக்குக் கேட்கிற ஆறு வருஷக் கணக்கில் சேர வேண்டும் என்றால், என்ன வேலை செய்தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அனுபவச் சான்றிதழை ஒவ்வொரு இடத்திலும் வாங்கி வைத்துக்கொள். வேலையை விட்ட பிறகு கேட்டால் தர மாட்டார்கள், நானே இதில் மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் இழந்தேன்.

அப்புறம், நீ கணக்கு எழுதுகிற பெண் என்பது எவ்வளவு பெரிய வசதி என்று உனக்கே தெரியவில்லை. எந்த ஆடிட்டும் பில்லில்தான் தொடங்கும், அதைக் கண்ணில் காட்டச் சொல்லி முதலாளிகளிடம் நாங்கள் தொங்குவோம். உனக்கோ இரண்டு வருஷ இ.பி. பில் மேஜை டிராயரிலேயே இருக்கிறது. ஒரு பேப்பரில் மாதவாரியாக யூனிட்டை எழுது, பக்கத்தில் அந்த மாதம் எத்தனை கிலோ வெள்ளி ஓடியது என்று எழுது, யூனிட்டைக் கிலோவால் வகு. ஏதாவது ஒரு மாதம் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த மாதம் என்ன நடந்தது என்று கம்பி இழுக்கிற மெஷின் பக்கம் நிற்கும் அண்ணனிடம் போய்க் கேள். பழைய ஃபேன் எத்தனை ஓடுகிறது என்றும் எண்ணு. 75 வாட் ஃபேனை எடுத்துவிட்டு கரண்ட் குறைவாக இழுக்கிற மோட்டார் வைத்த 28 வாட் பிஎல்டிசி ஃபேன் போட்டால், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடுகிற இடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு ஃபேனுக்கு 28 யூனிட் மிச்சம். இதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி முதலாளி கையில் கொடு. அவர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுது, திட்டினாலும் சரி.