ஐஜிஈ-யைக் கண்டுபிடித்தவர் யார்? ரப்பர் கையுறை அரிப்புக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கையுறை போட்டாலே அரிக்கும் அக்காவின் ரத்த ரிப்போர்ட்டில் 'டோட்டல் ஐஜிஈ' (ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள் என்ற ரத்தப் புரதத்தின் மொத்த அளவு) கூடியிருக்கிறது, அதைக் கண்டுபிடித்த ஜப்பானியர் யார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் அல்ல, இருவர்: கிமிஷிகே இஷிசாகா, அவர் மனைவி தெருகோ இஷிசாகா. கணவர் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். 1973இல் கனடாவின் மருத்துவ ஆராய்ச்சி விருதான கெய்ர்ட்னர் விருது இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

கிமிஷிகே 1925இல் தோக்கியோவில் பிறந்தவர். 1962இல் அமெரிக்காவின் டென்வரில் குழந்தைகள் ஆஸ்துமா ஆராய்ச்சி நிலையத்துக்கு இருவரும் போனார்கள். பெரிய வேலை நடந்தது அங்கேதான். பிறகு 1970இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம், 1989இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் ஒவ்வாமை ஆராய்ச்சி நிலையம்.

ஒவ்வாமைக்காரரின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) இன்னொருவர் தோலில் ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் ஒவ்வாத பொருளை ஊசியில் ஏற்றினால் கால் மணி நேரத்தில் தடிப்பு எழும். 1921இல் பிராவுஸ்னிட்ஸும் கூஸ்ட்னரும் மீன் சாற்றை வைத்துக் காட்டிய சோதனை இது. சீரத்தில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. ஏற்கெனவே தெரிந்த எதிர்ப்பொருள் வகையான ஐஜிஏ-தான் என்று பலர் நம்பினார்கள். இஷிசாகா தம்பதி ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம் ஒவ்வாதவர்களின் சீரத்தைப் பிரித்து, ஐஜிஏ-யை நீக்கிப் பார்த்தார்கள். தடிப்பு அப்படியே வந்தது. வீரியமான பகுதியை முயலுக்கு ஏற்றி, கிடைத்த எதிர்சீரத்திலிருந்து ஏற்கெனவே தெரிந்த வகைகளைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களைக் கழித்தார்கள். மிஞ்சியது தடிப்புக் காரணியை மட்டும் பிடித்தது. 1966இல் வெளியிட்டார்கள். இவ்வளவு சிரமம் ஏனென்றால், ரத்தத்தில் அதிகமாக இருக்கும் எதிர்ப்பொருள் வகையான ஐஜிஜி ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும். ஐஜிஈ வெறும் நானோகிராம் கணக்கு. ரசாயனச் சோதனைக்குச் சிக்காதது தோலில் சிக்கியது. (ரத்தவழித் தொற்று அபாயத்தால் அந்தத் தோல் சோதனையை இன்று யாரும் செய்வதில்லை.)

சுவீடனை விட்டுவிட்டாய் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: அந்நாட்டின் ஜோஹான்சனும் பென்னிக்கும் ஒரு மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) நோயாளியிடம் இதே புரதத்தைத் தனியாகக் கண்டார்கள். 1968இல் உலகச் சுகாதார நிறுவனம் ஐஜிஈ என்று பெயர் வைத்தது. குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு எதிரான ஐஜிஈ-யை அளக்கும் ரத்தச் சோதனையும் அவர்கள் கொடுத்ததுதான்.

அக்காவுக்குத் தேவையானதும் அந்தச் சோதனைதான். டோட்டல் ஐஜிஈ வயிற்றுப் புழுவாலும் ஏறும், ஆஸ்துமாவாலும் ஏறும். 'லேடெக்ஸ் ஐஜிஈ' (லேடெக்ஸ் என்றால் ரப்பர் பால்) என்று கேட்டு எடுங்கள். அதுவும் சிலரைத் தவறவிடும் என்பதால், அறிகுறி தெளிவாக இருந்தால் நிபுணரிடம் தோல் குத்துச் சோதனை. அதற்குச் சில நாள் முன்பே அரிப்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள்; ரத்தச் சோதனைக்கு நிறுத்த வேண்டாம்.

எப்போது அரிக்கிறது என்று கவனியுங்கள். போட்ட சில நிமிடத்தில் தடிப்பு, தும்மல் என்றால் ரப்பர் பால் புரதம். சரியாக அலசாத கையுறையில் அது மிஞ்சும். பவுடரோடு காற்றில் பறந்து மூக்கிலும் ஏறும். ரப்பர் பால் ஒவ்வாத சிலருக்குச் சில பழங்களும் ஒவ்வாது என்பதால், வாழைப்பழம், அவகாடோ சாப்பிட்டாலும் வாய் அரிக்கிறதா என்று கேளுங்கள். ஓரிரு நாள் கழித்துத் தோல் வெடித்தால் காரணம் பெரும்பாலும் தையுரம் போன்ற வேக ஊக்கிகள் (ரப்பர் சீக்கிரம் உறுதிப்படச் சேர்க்கும் ரசாயனங்கள்), ஐஜிஈ அல்ல. அப்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறைக்கு மாறினாலும் தீராமல் போகலாம், அதிலும் இவற்றைச் சேர்ப்பதுண்டு. சந்தேகப்படும் ரசாயனத்தை முதுகில் ஒட்டிவைத்துச் சில நாள் கழித்துப் பார்க்கும் பேட்ச் சோதனைதான் வழி.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: நூறு உணவுக்கு 'ஐஜிஜி பேக்கேஜ்' என்று விற்கிறார்களே, அதற்கும் ஒவ்வாமைக்கும் சம்பந்தமே இல்லை. உணவுக்கு ஐஜிஜி இருப்பது, அதைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்குத்தான் அடையாளம். அந்தக் காசுக்கு லேடெக்ஸ் சோதனையை எடுத்துவிடுங்கள்.