டம்ளருக்குள் துகள்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: "சீனி, தண்ணீர்த் துகள்களின் இடைவெளியில் போய் உட்கார்ந்துகொள்ளும்; மட்டம் ஏறாது" என்று வகுப்பில் சொல்லிவிட்டு, சர்பத்துக்குக் கரைப்பதுபோல் 100 மி.லி. தண்ணீரில் 50 கிராம் சீனி கரைத்துக் காட்டினேன். மட்டம் 130-ஐத் தாண்டிவிட்டது. எங்கே தவறு?
– ஓர் ஆசிரியை, தென்காசி

பதில்: அளந்தது சரி, விளக்கம்தான் தவறு. ஒரு ஸ்பூன் போட்டால் ஏறுவது கண்ணுக்குத் தெரியாது. அதை வைத்தே 'ஏறாது' என்று சொல்லிப் பழகிவிட்டோம். 50 கிராம் சீனியைத் தனியே அளவுஜாடியில் கொட்டினால் 60 மி.லி. அளவுக்கு நிற்கும். அதில் கிட்டத்தட்டப் பாதி, பரல்களுக்கு நடுவே உள்ள காற்று. பரல்கள் மட்டும் அடைக்கும் இடம் 31 மி.லி. கரைந்த பிறகும் அதே 31தான். மீதி எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்டால், காற்று வெளியேறிவிட்டது என்பதுதான் நேர்மையான பதில்.

கரைந்தால் கனஅளவு குறைவதைக் காட்ட வேண்டுமென்றால், சீனியை விட்டுவிட்டு உப்பை எடுங்கள். 100 மி.லி. அளவுஜாடியில் 80 மி.லி. சமையல் எண்ணெய் ஊற்றி, 16 கிராம் காய்ந்த தூள் உப்பைப் போடுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது. ஏறும் மட்டம் உப்பின் சொந்தக் கனஅளவு, ஏழரை மி.லி. அளவு. இதையே 80 மி.லி. தண்ணீரில் கரைத்தால் ஐந்தரைதான் ஏறும். உப்பின் அயனிகள் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி நெருக்கி இழுத்துக்கொள்வதால் வரும் குறைவு இது. எண்ணெயில் குமிழி சிக்கினால் கணக்கு கூடிவிடும். மெல்லிய குச்சியால் கிளறி, குமிழிகள் மேலே வரும்வரை பொறுங்கள். பீக்கர் வேண்டாம், அகன்ற வாயில் 2 மி.லி. வித்தியாசம் தெரியாது.

கேள்வி: விரவுதலை, அதாவது துகள்கள் தாமாகவே பரவிக் கலப்பதைக் காட்ட, சூடான தண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் டீ பை போட்டேன். சூட்டில் சட்டென நிறம் பரவியது. துகள் வேகமாக ஓடுகிறது என்பதற்கு இது போதுமா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: போதாது. சூட்டில் இலையிலிருந்து சாறு இறங்குவதே வேகமாக நடக்கும். போதாததற்கு வெந்நீர் தானே மேலும் கீழும் சுழன்று நிறத்தை இழுத்துப்போகும். நீங்கள் பார்த்ததில் விரவுதலின் பங்கு மிகக் குறைவு.

நன்னாரி சர்பத்தை முயலுங்கள். கண்ணாடி டம்ளரில் 150 மி.லி. தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் விடுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சின் முனையில் ஸ்ட்ரா செருகி, தண்ணீர் கலக்காத கெட்டி சர்பத்தில் 15 மி.லி. எடுத்து, ஸ்ட்ராவின் நுனி டம்ளரின் அடியைத் தொடும்படி வைத்து மிக மெதுவாக அழுத்துங்கள். சர்பத் கனமானது என்பதால் அடியிலேயே தங்கும், சுழற்சி எழாது. எல்லைக்கோட்டை மார்க்கரால் குறித்துவையுங்கள். ஒரு நாளில் நிறம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் மேலே மங்கிப் பரவியிருக்கும்! முழுதும் கலக்க வாரக்கணக்காகும். அதற்குள் புளித்துக் குமிழி கிளம்பி அடுக்கைக் கலைத்துவிடும். ஃப்ரிட்ஜில் இன்னொன்று வைத்தால் மங்கல் இன்னும் குறுகலாக இருக்கும், ஆனால் வித்தியாசம் பெரிதல்ல.

துகளின் ஓட்டத்தை நேரில் காண ஆசையென்றால், ஒரு சொட்டுப் பாலுக்கு இருபது சொட்டுத் தண்ணீர் சேர்த்து நுண்ணோக்கியில் 400 மடங்கில் பாருங்கள். கொழுப்புத் துளிகள் ஓயாமல் நடுங்கும். கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் இடிப்பதால் வரும் நடுக்கம் அது.

கேள்வி: ஐஸ் போட்ட ரோஸ்மில்க் டம்ளர் வெளியே வேர்ப்பதை, கண்ணாடி கசிகிறது என்கிறாள் மகள்.
– ஒரு வாசகி, சென்னை

பதில்: துளியில் ரோஸ் நிறம் இல்லையே என்று காட்டினால், "கண்ணாடி வடிகட்டிடுச்சும்மா" என்று மடக்கிவிடுவாள். வெறும் டம்ளரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக் காட்டுங்கள், அதுவும் வேர்க்கும். அடுத்து, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி, துடைத்து, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும் சமையல் தராசில் வையுங்கள். கசிவென்றால் எடை மாறாது. காற்றின் நீராவி வந்து படிந்தால் ஏறும். ஏ.சி. அறையில் ஈரம் குறைவு, வெளியே செய்யுங்கள். துளி வழிந்து தராசுக்கு வெளியே போகாதிருக்க, முதலிலேயே பாட்டிலைச் சிறு தட்டில் நிறுத்திவிடுங்கள்.