மூன்று கல்லூரியில் இடம் கிடைத்தால் எதில் சேர்வது? பொறியியல் சேர்க்கை: கேள்வி-பதில்

கேள்வி: மகளுக்கு கவுன்சிலிங்கில் கோவையில் பெயர்பெற்ற சுயநிதி தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) பிரிவுக்கு டென்டேட்டிவ் அலாட்மென்ட் (தற்காலிக ஒதுக்கீடு) வந்திருக்கிறது. சென்னைப் பக்கம் ஒரு டீம்டு (நிகர்நிலை) பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அங்கே கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 2.5 லட்சம், விடுதி 1.6 லட்சம். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு கல்லூரி, மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. (செயற்கை நுண்ணறிவு) படிப்பு தருகிறேன் என்கிறது. பஸ் கட்டணம் ஆண்டுக்கு 35,000. கோவையில் விடுதிக்கு 1.1 லட்சம் ஆகும். எங்கள் குடும்பத்தில் இவள்தான் முதல் பட்டதாரி. எதில் சேர்ப்பது? (ஒரு தந்தை, விழுப்புரம்)

பதில்: முதலில் நான்கு ஆண்டுச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் நகையை அடகு வைக்கிறார்கள்.

தமிழகத்தில் கட்டணக் குழு 2017இல் நிர்ணயித்த அளவின்படி, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் கவுன்சிலிங் இடத்தில் 55,000 ரூபாய், மேனேஜ்மென்ட் இடத்தில் 87,000 ரூபாய். இந்த ஆண்டுக்கான தொகையை அலாட்மென்ட் ஆணையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிச் சலுகையாக சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். ஆனால் அது கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டுமே. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் டீம்டு பல்கலைக்கும் கிடையாது.

இதன்படி கோவையில் கல்விக் கட்டணம் 1.2 லட்சம், விடுதி 4.4 லட்சம், ஆக 5.6 லட்சம். பக்கத்துக் கல்லூரியில் 3.48 லட்சமும் பஸ்ஸுக்கு 1.4 லட்சமும் சேர்த்து 4.88 லட்சம். டீம்டு பல்கலையில் 16.4 லட்சம். வீட்டிலிருந்தே போய்வருவது மிகவும் மலிவு என்று தோன்றும். சலுகை போய்விடுவதால் மிச்சமாவது நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 70,000 ரூபாய்தான். தேர்வுக் கட்டணம், சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சிக் கட்டணம் என்று தனியாக வாங்குபவற்றை மூன்று கல்லூரியிலும் எழுத்தில் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிளேஸ்மென்ட். விளம்பரப் பலகையில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் அதை மூன்றாகக் கணக்கிடும் கல்லூரிகள் உண்டு. “தகுதியுள்ள மாணவர்களில் 95 சதவீதம்” என்றால், அரியர் வைத்தவர்களும் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே இருப்பவர்களும் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

இதற்கு நல்ல மாற்று, மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி சமர்ப்பித்த தரவு. தரவரிசை எண்ணைச் சொல்லவில்லை. அதற்கு அடியில் இருக்கும் பி.டி.எஃப். கோப்பைச் சொல்கிறோம். பங்கேற்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும். அதில் நான்காண்டுப் படிப்புக்கு ஒரு அட்டவணை இருக்கும்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், அவர்களின் நடுநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள்.

உதாரணமாக 420 பேர் சேர்ந்து, 40 பேர் இடையில் வந்து, 380 பேர் குறித்த காலத்தில் முடித்து, 230 பேருக்கு வேலையும் 30 பேருக்கு மேற்படிப்பும் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். முடித்தவர்களை வைத்துப் பார்த்தால் வேலை 60 சதவீதம். சேர்ந்த 460 பேரை வைத்துப் பார்த்தால் சரிபாதிதான். மூன்று கல்லூரிக்கும் இந்த இரண்டாவது கணக்கைப் போடுங்கள். நடுநிலைச் சம்பளம் என்பது பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் வாங்குவது. பேனரில் இருக்கும் “அதிகபட்சப் பேக்கேஜ்” ஒரே ஒருவருடையதாக இருக்கலாம். இந்த அட்டவணை எல்லாப் பிராஞ்சுக்கும் சேர்த்தது என்பதால், இ.சி.இ. துறைக்கு மட்டும் சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேர் பணியில் சேர்ந்தார்கள் என்று துறைத் தலைவரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஏ.ஐ., கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் இன்னொரு கேள்வியும் கட்டாயம்: எத்தனை செக்‌ஷன்? 2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் எத்தனை இடம் வரை வைக்கலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) எடுத்துவிட்டது. மூன்று செக்‌ஷன் இருந்த துறை திடீரென்று எட்டு செக்‌ஷன் ஆனால், அதே வேகத்தில் நல்ல ஆசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். கல்லூரித் தளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலைப் பதிவிறக்கி, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் டைம்டேபிளோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருப்பவர் டைம்டேபிளில் இல்லையென்றால் காரணம் கேளுங்கள். ஒரே பேராசிரியர் பல கல்லூரிகளில் பணிபுரிவதாகக் கணக்குக் காட்டிய விவகாரம் 2024இல் தமிழகத்தில் வெளியே வந்தது நினைவிருக்கும்.

மென்பொருள் நிறுவனங்கள் பலவும் இ.சி.இ. மாணவர்களையும் தேர்வுக்கு அனுமதிக்கின்றன. அதனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக 10.8 லட்சம் கூடுதலாகக் கொடுப்பதை நாங்கள் ஆதரிக்கவில்லை. கோவைக் கல்லூரியின் கணக்கு மற்ற இரண்டுக்கும் குறையாமல் இருந்தால் அதையே எடுங்கள். மகளுக்கு எலக்ட்ரானிக்ஸ் பாடமே பிடிக்காது என்றால் மட்டும் கணக்கு மாறும். நான்கு ஆண்டு அதைப் படிக்கப்போவது அவர்தான். முடிவெடுக்கும் முன் அவரை அழைத்துப் போய், மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் தனியாகப் பேச விடுங்கள்.

கேள்வி: டென்டேட்டிவ் அலாட்மென்ட் வந்தபின் “அக்செப்ட் அண்ட் அப்வர்ட்” (இருப்பதை ஏற்றுக்கொண்டு, விருப்பப் பட்டியலில் அதற்கு மேலே உள்ளதையும் கேட்பது) கொடுத்தால் கையில் இருப்பது போய்விடுமா? (மாணவர், திண்டுக்கல்)

பதில்: மேலே இடம் கிடைக்காவிட்டால் இருப்பது உங்களுக்கே. மேலே கிடைத்துவிட்டால், பழைய இடம் தானாகவே அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொண்டு பிறகு யோசிக்க முடியாது. பலர் தடுமாறுவது இங்கேதான். சாய்ஸ் ஃபில்லிங்கின்போது (விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் பதியும்போது) “எதற்கும் இருக்கட்டும்” என்று மேலே போட்டுவைத்த 4ஆம் எண் கல்லூரி, பிறகு நேரில் பார்த்துப் பிடித்துப்போன 9ஆம் எண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தக் கட்டத்தில் வரிசையை மாற்ற வழியில்லை.

ஆகவே உங்களுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணுக்கு மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்து, “இது கிடைத்தால் இப்போதிருப்பதை மகிழ்ச்சியோடு விடுவேனா” என்று கேளுங்கள். ஒன்றுக்கு இல்லை என்று பதில் வந்தாலும் “அக்செப்ட் அண்ட் ஜாயின்” கொடுங்கள். அப்படிக் கொடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் கல்லூரியில் கட்டணம் செலுத்திச் சேர வேண்டும். தவறினால் இடம் ரத்தாகும். அப்வர்ட் கேட்பவர்கள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். “டிக்ளைன் அண்ட் அப்வர்ட்” கொடுத்தால் கையில் இருக்கும் இடத்தை அப்போதே விட்டுவிடுகிறீர்கள். அதைத் தவறுதலாக அழுத்திவிடாதீர்கள்.

கேள்வி: டீம்டு பல்கலையில் கட்டிய பணத்தை “திருப்பித் தர இயலாது” என்று ரசீதிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதானா? (ஒரு தாய், தஞ்சாவூர்)

பதில்: இல்லை. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை, ரசீதில் உள்ள வாசகத்துக்கு மேலானது. அதிகாரபூர்வமாக அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத்தொகையும் வரவேண்டும். அதில் நிர்வாகச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், தேதி முடிந்து 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இன்னும் தாராளமாகத் தேதி நீட்டியிருக்கிறது. 2023-24இல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப்பணமும் தரச் சொன்னது. உங்கள் ஆண்டுக்கான சுற்றறிக்கையை முதலில் பாருங்கள்.

போனில் சொன்னால் அது விலகல் ஆகாது. விண்ணப்ப எண், ரசீது எண், விலகும் தேதி, வங்கிக் கணக்கு விவரத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதே கடிதத்தைப் பதிவுத் தபாலிலும் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் திருப்ப வேண்டும். வரவில்லையென்றால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் கொடுக்கலாம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே அறிவிக்கையில் உள்ளது. “வேறு கல்லூரியில் சேர சர்டிபிகேட் வேண்டுமென்றால் நான்கு வருடப் பணமும் கட்டு” என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். அந்த வார்த்தையை எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா பல்கலை வெளியிடும் தேர்ச்சி விகிதத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

பதில்: தன்னாட்சி இல்லாத இணைப்புக் கல்லூரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம், எல்லோரும் ஒரே வினாத்தாளை எழுதுகிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அவற்றின் 90 சதவீதத்தையும் இணைப்புக் கல்லூரியின் 60 சதவீதத்தையும் அருகருகே வைக்கக் கூடாது.

கேள்வி: 12 லட்சம் கடன் வாங்கிப் படிக்க வைத்தால் மாதத் தவணை எவ்வளவு வரும்? (வாசகி, மதுரை)

பதில்: ஆண்டுக்கு 3 லட்சமாக நான்கு முறை, 10 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிப்பும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆனால் வட்டி ஓடும். சாதாரண வட்டியாகக் கணக்கிட்டாலே ஐந்தாண்டு முடிவில் 4.2 லட்சம் சேர்ந்து கடன் 16.2 லட்சமாகும். பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 21,400 ரூபாய். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் 15,900 ரூபாய்க்குள் நிற்கும். அந்தக் கல்லூரியின் நடுநிலைச் சம்பளத்தை 12ஆல் வகுத்து, இந்தத் தவணை அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக்கடன் திட்டத்தின் பட்டியலில் கல்லூரி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். இருந்தால் அடமானம் தேவையில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் என்றால், 10 லட்சம் வரையான கடனுக்கு தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.