சாளையில் நிற்கும் சீமை டிராக்டர்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

கொழிஞ்சாம்பாறையில் தொடங்கி வேலந்தாவளம், எருத்தேம்பதி, கோபாலபுரம் என்று பாலக்காட்டில், தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம் எந்தத் தோப்புக்குள் போனாலும் ஒரு சாளை, அதாவது தோட்டத்து வீடு, இருக்கும். சில சாளைகளில் தேங்காய் மட்டைக்கும் சாக்குக்கும் நடுவே ஒரு பழைய சீமை டிராக்டரும் இருக்கும். நாற்பது வருடமாக இந்த வண்டிகளைப் பிரித்து மாட்டுவதுதான் என் பிழைப்பு. இது என்ன வண்டி, என்ன விலை போகும் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எருத்தேம்பதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, எங்க அப்புச்சி ஓட்டின சின்ன சாம்பல் கலர் டிராக்டர் ஒண்ணு இருக்குது. முன்னாடி பெர்குசன்னு பாதி எழுத்து தெரியுது. பத்து லட்சம் போகும்னு ஒரு வீடியோவில் சொன்னாங்க. நெசமுங்களா?

பத்து லட்சத்தை இப்போதைக்கு ஓரமாக வையுங்க தம்பி. முதலில் வண்டி யாரென்று பார்ப்போம்.

சாம்பல் நிறம், சின்ன உடம்பு, பெர்குசன் என்ற பெயர், இந்த மூன்றும் சேர்ந்தால் அது டி.இ. 20 வகையாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் காவன்ட்ரி ஊரில் பேனர் லேன் தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை செய்தார்கள். செய்து கொடுத்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. பத்து வருடத்தில் 5 லட்சத்துக்கும் மேல் வெளியே வந்தது. ஆகவே உலகக் கணக்கில் இது அபூர்வமான வண்டி இல்லை. நம் தோப்புகளில் உறுப்பு குறையாமல் நிற்பதுதான் அபூர்வம்.

கியர் லீவரைப் பாருங்க. முன்னால் போக நாலு கியர், பின்னால் வர ஒன்று, அதோடு 'எஸ்' என்று இன்னொரு இடம் இருக்கும். லீவரை அங்கே தள்ளினால்தான் செல்ஃப் எடுக்கும். கியரில் கிடக்கும் வண்டியைத் தெரியாமல் ஸ்டார்ட் பண்ணி ஆள் மேல் ஏற்றிவிடக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

அடுத்தது, ஸ்டீயரிங்குக்கு முன்னால் டேஷ்போர்டில் ரிவிட் அடித்த சின்னத் தகடு. அதில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்துதான் உங்கள் வண்டியின் ஜாதகம். வெறும் டி.இ. என்றால் அமெரிக்க கான்டினென்டல் பெட்ரோல் இன்ஜின், ஆரம்ப கால வண்டி. டி.இ.ஏ. என்றால் ஸ்டாண்டர்டு பெட்ரோல் இன்ஜின். டி.இ.டி. என்றால் டிராக்டருக்கென்று விற்ற மண்ணெண்ணெய் மாதிரியான எண்ணெயில் ஓடுவது. டி.இ.எஃப். டீசல், 1951-இல் வந்தது. டி.இ.எச். என்று ஒன்று உண்டு. அது வீட்டு விளக்குக்கு ஊற்றும் மண்ணெண்ணெயிலேயே ஓட, வெளிநாட்டுக்கு அனுப்பவென்று செய்தது. உங்கள் தகட்டில் எச் இருந்தால் எனக்கு அன்றைக்கே சொல்லுங்க, நானே வந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல ஆசை. இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும், கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க் என்று கலப்பையைத் தூக்கும் அமைப்பைப் பார்க்கலாம். ஹாரி பெர்குசன் கொண்டுவந்த ஏற்பாடு அது. கலப்பை இறுகின மண்ணில் மாட்டினால் அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியாக ஹைட்ராலிக்குக்குத் தெரிந்து, கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே வரும். உங்கள் அப்புச்சியின் வண்டி இன்றைய எல்லா டிராக்டருக்கும் பாட்டன் முறை.

வடகரப்பதியிலிருந்து: தகடு இருக்குது, ஆனா துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் மூடி ஒண்ணுமே படிக்க முடியலைங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். பட்டறை வைத்த புதிதில் நான் அதைச் செய்திருக்கிறேன். ஒரு பெரியவரின் வண்டியில் தகட்டைப் பளிச்சென்று ஆக்கிக் கொடுக்கலாம் என்று உப்புத்தாளால் தேய்த்தேன். தகடு பளபளத்தது, எண்ணில் கடைசி மூன்று இலக்கம் போய்விட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மூன்று இலக்கம் இன்றைக்கும் என் கண்ணிலேயே நிற்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். பஞ்சில் மண்ணெண்ணெய் தோய்த்துத் தகட்டின் மேல் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்க. பிறகு பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க. காய்ந்ததும் மெல்லிய தாளை மேலே பிடித்து, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாக உரசினால் எழுத்து வெள்ளையாக மேலே வரும். சாயங்காலம் இருட்டின பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படம் எடுங்க. நேரே அடித்தால் ஒன்றும் தெரியாது.

தகடே இல்லையென்றால் டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் துடைத்துப் பாருங்க. லூகாஸ் கம்பெனி தன் சாமான்களில் செய்த மாதமும் வருடமும் குத்தி வைக்கும் வழக்கம் உண்டு. வண்டி ஏறத்தாழ எந்த வருடம் என்பதற்கு அது சாட்சி. 'லூகாஸ்-டி.வி.எஸ்.' என்று இருந்தால் அது சென்னைப் பாடியில் செய்த சாமான், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியே 1960-களில் வந்ததுதான்.

வேலந்தாவளம் பக்கம் ஒரு ஐயா: எங்களுது சிவப்பு மாசே பெர்குசன், 35. இங்கிலாந்து வண்டின்னு எங்க அய்யன் சொல்வார். மெட்ராஸ் வண்டின்னு மெக்கானிக் சொல்றார். யார் சொல்றது சரி?

ஐயா, சண்டையைத் தகடு தீர்த்துவிடும். காவன்ட்ரி என்று இருந்தால் உங்கள் அய்யன் சொன்னது சரி. சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி 1960-இல் தொடங்கியது. அங்கே செய்த வண்டி 1035 என்ற பெயரிலும் வந்தது. இரண்டுக்கும் முன்னால் ஆறு, பின்னால் இரண்டு என்று கியர் ஒன்றேதான். அதனால் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதைவிட முக்கியமாக, டீசல் பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாய்களை எண்ணுங்க. நாலு என்றால் ஸ்டாண்டர்டு 23சி இன்ஜின். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்று அடம் பிடிக்கும் என அது வந்த காலத்திலேயே பேர் வாங்கினது. மூன்று என்றால் பெர்கின்ஸ் 3.152. அந்த எண்ணிலேயே விவரம் இருக்கிறது: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், நம் கணக்கில் இரண்டரை லிட்டர். 1959-இல் இது வந்ததும் நாலு சிலிண்டரை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் நாலு சிலிண்டர் அபூர்வம், விலையும் கூடும் என்று நினைப்பீர்கள். நம் ஊரில் நேர்மாறு. பெர்கின்ஸ் வகை இன்ஜினைச் சென்னையில் சிம்சன் கம்பெனி செய்ததால் மூன்று சிலிண்டருக்கு இன்றைக்கும் சாமான் தேடிப் பிடிக்கலாம், வாங்க ஆளும் வரும். நாலு சிலிண்டருக்கு ஒரு ஹெட் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கிடைக்காத பொருள் எல்லாமே விலை உள்ள பொருள் ஆகிவிடாது, அதைத் தேடுகிற ஆளும் வேண்டும்.

கோபாலபுரம்: நீலக் கலர் போர்ட்சன் டெக்ஸ்டா. போன வருஷம் பெயின்ட் அடிச்சுட்டோம். விலை குறைஞ்சிடுமா?

குறையும், ஆனால் கைவிட்டுப் போகவில்லை. பேட்டரித் தட்டுக்கு அடியிலும் மட்கார்டின் உட்பக்கத்திலும் பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாமல் விடுங்க. நீல உடம்பு, ஆரஞ்சுச் சக்கரம், அதுதான் அதன் பிறவி நிறம். உடம்பில் குத்தியிருக்கும் எண் 957இ என்று தொடங்கினால் டெக்ஸ்டாவேதான், 1957-க்கும் 1964-க்கும் இடையில் வந்தது. பானட்டில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம். இரும்பில் குத்தின எண் பொய் சொல்லாது.

மீனாட்சிபுரம்: ரேடியேட்டரே இல்லாத டிராக்டர் ஒண்ணு. ஒரே சிலிண்டர், ஊரே அதிரும்.

சிலிண்டரைச் சுற்றி இரும்பு இதழ்கள் அடுக்கடுக்காக இருந்தால் காற்றில் குளிரும் ஐஷர். ஃபரிதாபாத்தில் 1959-இல் முதல் வண்டியை இறக்கினார்கள், இந்தியாவில் கட்டின முதல் டிராக்டர் அது. அதே ஒற்றைச் சிலிண்டர் சத்தத்தோடு ரேடியேட்டரும் இருந்தால் சோவியத் டி.டி. 14-ஆ என்று பாருங்க. ஆரம்ப கால ஐஷரை ஆக்ரிக்காரர், அதாவது பழைய இரும்பு வாங்குகிறவர், கண்ணில் காட்டாதீங்க.

கொழிஞ்சாம்பாறை: அண்ணா, சாம்பல் பெர்குசனுக்கு ஆக்ரிக்காரர் 40,000 தர்றேங்கறார். கொடுத்துடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன்.

பெர்குசன் ஏறத்தாழ 1,100 கிலோ. அன்றைய இரும்பு விலை கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வெறும் இரும்புக்கே 33,000 ஆகிறது. அவர் அதற்கு மேல் 7,000 கொடுக்கிறார் என்றால் அவர் அதை உடைக்கப் போவதில்லை. வாங்க அவரிடம் ஏற்கனவே ஆள் இருக்கிறது. இரும்பு விலைதான் உங்கள் அடிமட்டம், அதற்குக் கீழே எந்தக் காலத்திலும் போகாதீங்க. அதற்கு மேலே எவ்வளவு என்பதை வாங்க வருகிற ஆளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ரிசார்ட்டுக்கும் ஓட்டல் வாசலுக்கும் நிறுத்தி வைக்க வாங்குகிறவர் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பார், இன்ஜினைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். டிரெய்லர் இழுக்க வாங்கும் விவசாயி ஸ்டார்ட் ஆகிறதா, ஹைட்ராலிக் தூக்குகிறதா என்று மட்டும் பார்ப்பார். பழைய வண்டி சேர்க்கிறவர் குனிந்து தகட்டைப் படிப்பார், அதிலிருக்கும் எழுத்துக்கும் இன்ஜினுக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பிறகு சின்னச் சாமான்களைத் தேடுவார். கார்புரேட்டர், மேனிஃபோல்டு, பானட்டின் மூக்கு, டூல் பாக்ஸ், வண்டியோடு வந்த பெர்குசன் ஸ்பானர், இதெல்லாம் அவர் கேட்பது. பெரிய இரும்பு எங்கும் போகாது, முதலில் காணாமல் போவது இந்தச் சின்னச் சாமான்கள்தான். இவர் வருவதற்கு முன்னால் ஒன்றையும் தனித்தனியாக விற்றுவிடாதீங்க. வண்டி வாங்கின பில், பழைய ஆர்.சி. புக், அப்புச்சி வண்டி மேல் உட்கார்ந்த போட்டோ எது இருந்தாலும் எடுத்து வையுங்க. அதற்கும் அவர் காசு கொடுப்பார்.

வெளிநாட்டு விலையை இங்கே சொல்லி மோசம் போகாதீங்க. அங்கே சாமானும் கிடைக்கும், வாங்க ஆளும் வரிசையில் நிற்கும். இங்கே இரண்டும் தேட வேண்டும்.

இன்னொருவர்: ஆர்.சி. இருக்குது, மூணு எழுத்து நம்பர். பொள்ளாச்சிக்காரர் கேட்கிறார். எல்லை தாண்டி விற்கலாமா? நூறு வருஷப் பொருள்னு யாராவது தடுப்பாங்களா?

மூன்றெழுத்து நம்பர் என்றால் 1989-க்கு முந்தைய பதிவு. நம் பாலக்காட்டுக்கு அப்போது கே.எல்.பி. என்று வரும். முதலில் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒன்றானால் பேரம் பேசுங்க. மாநிலம் தாண்டிப் பெயர் மாற்ற இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வேண்டும், அது படிவம் 28. விற்பதற்கு 29, 30. ரோட்டில் ஓட்டப் போவதில்லை என்று வாங்குகிறவர் சொன்னாலும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்க.

2021-இல் வந்த பழைய வண்டிப் பதிவு விதியில் 'வி.ஏ.' என்று தனி நம்பர் உண்டு. அது 50 வருடம் தாண்டிய இருசக்கர வண்டிக்கும் காருக்கும்தான், டிராக்டருக்குக் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீங்க. தொல்பொருள் சட்டம் 100 வருடம் ஆன பொருளுக்குத்தான். 1950-களின் டிராக்டருக்கு அந்தப் பயம் வேண்டாம்.

எருத்தேம்பதியிலிருந்து ஒரு அம்மிணி: எங்கய்யன் ஓட்டின பெர்குசனுங்க, தகட்டில் டி.இ.டி.ன்னு இருக்குது. விற்கிற எண்ணம் இல்லை. பதினைஞ்சு வருஷமா நிக்குது. ஒரு தடவையாவது அந்தச் சத்தத்தைக் கேட்கணும். கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு தம்பி சொல்றான்.

இழுக்க விடாதீங்க அம்மிணி. பதினைந்து வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் ஒட்டிப் பிடித்திருக்கும். இழுத்தால் உடைந்துவிடும்.

பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிப் பாதி கலந்து ஒரு சின்ன டம்ளர் ஊற்றுங்க. ஒரு வாரம் அப்படியே விடுங்க. பிறகு முன்னால் ஹேண்டில் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்க. இம்மி அசைந்தாலும் போதும், மறுநாள் மறுபடி.

உங்கள் வண்டி கேஜ் வீல் போட்டு நெல்லு வயலில் சேறடித்ததாக இருந்தால் கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் இரண்டின் டிரெயின் போல்ட்டையும் கொஞ்சம் தளர்த்திப் பாருங்க. முதலில் தண்ணீர் சொட்டினால் சீல் போயிருக்கிறது. எண்ணெய் முழுவதையும் இறக்கி மாற்றாமல் ஓட்டக் கூடாது.

டேங்க்கைப் பார்த்தால் உள்ளே இரண்டு அறை இருக்கும். சின்ன அறை பெட்ரோலுக்கு, பெரிய அறை மண்ணெண்ணெய் மாதிரியான அந்த எண்ணெய்க்கு. பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு குழாயை எண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். சூடு ஏறும் முன்னால் திருப்பினால் எரியாத எண்ணெய் பிஸ்டன் வழியாக ஆயிலில் இறங்கி அதை நீர்க்கவிட்டுவிடும். உங்களுக்குச் சத்தம்தானே வேண்டும். பெரிய அறையைத் தொடவே தொடாதீங்க, சின்ன அறையைக் கழுவி ஒரு லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றுங்க.

ஹேண்டில் சுற்றுகிறது என்றதும் சொல்லி அனுப்புங்க. பிளக்கும் பாயிண்டும் நான் எடுத்து வருகிறேன். கியர் லீவரை 'எஸ்'-க்குத் தள்ளுவது நீங்களாக இருக்கட்டும்.